மாற்றிப் பற்றவைத்த ஒயர்

என் மனைவியின் கிட்டாரை நான்தான் கெடுத்தேன்.

கை தவறிக் கெட்டது என்று சொல்ல ஆசைதான்... கை தவறியதும் உண்மைதான். ஆனால் காது தவறவில்லை. முதல் முறை மீட்டிய கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, பிழை எங்கே இருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னிடமே வந்து கேட்டபோது, பிழை உன் விரலில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம்கூடச் சொன்னதில்லை. பொய், கோபம், சோம்பல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். உங்களுக்கு என்னைத் தெரியாது; என் மனைவி ரீத்தாவையும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். கோழைத்தனம் என்கிறீர்களா? ஆம், கோழைத்தனம்தான்!

என் பெயர் சேவியர். மலாக்காவில் உள்ள பாச்சாங்கில் அம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடையில் வேலை. ஓய்வு நாட்களில் கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசிப்பேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து மலாக்கா நகரம் வரை தமிழ்க் கல்யாணம் என்றால், 'கிட்டார் சேவியரைக் கூப்பிட்டாச்சா?' என்று கேட்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் போதுமானதாக இருந்தது. இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீத்தா நகரத்தில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கிட்டாரைத் தொட்டாள். எங்கள் கோயில் பாடல் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று, முதல் கார்டை, பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பிடியை, அவள் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டியவன் நான். நாலைந்து கார்டு தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

அவளுக்கு அது போதவில்லை.

வந்தவர்களின் பயம் தணியட்டும் என்று அந்தக் கிளினிக்கில் நாள் முழுக்க மெல்லிய ஜாஸ் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் காதில் அது விழுந்து போய்விடும். ரீத்தாவின் காதில் தங்கிவிட்டது! வீட்டுக்கு வந்ததும், ரைஸ் குக்கரில் சோறு வேகும் நேரத்தில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டதைத் தேடுவாள். நான் காணொளி பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தலையைப் பிய்த்துக்கொண்டு கற்ற கார்டுகளை அவள் பேசிக்கொண்டே கண்டுபிடிப்பாள். சில நேரம் எனக்குத் தெரியாதவற்றையும்...

முதலில் பெருமைப்பட்டேன். நம்புங்கள், பெருமைதான்! நண்பர்கள் வந்தால், 'வாசிச்சுக் காட்டு ரீத்தா' என்பேன். அந்தப் பெருமை எப்போது திரிந்து வேறொன்றாக ஆனது?

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். குணாவின் வீட்டுக் கார் நிறுத்துமிடம். குணா எங்கள் சிறிய குழுவின் டிரம்ஸ்காரன், என்னைவிட இளையவன், தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இசைக்காக உயிரைவிடுபவன். ஒரு பிற்பகல் பயிற்சிக்கு ரீத்தாவும் கூட வந்தாள். புதிதாக ஒரு ஜாஸ் மெட்டை வாசித்துப் பார்த்தோம். நடுவில் ஓர் இடத்தில் நான் திரும்பத் திரும்பத் தடுமாறினேன். 'சரி, டீ குடிப்போம்லா' என்று குணா எழுந்துவிட்டான்.

நாங்கள் கறிபாப் தின்றுகொண்டிருந்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த என் கிட்டாரை ரீத்தா எடுத்தாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாக வாசித்தாள். நான் தடுமாறிய அதே இடம். ஆற்றில் தோணி போவதுபோல வழுக்கிக்கொண்டு போனாள்...

குணாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"அண்ணி... அத இன்னொரு வாட்டி வாசிங்க."

"ஐயோ, சும்மாத்தான் குணா. இவர் வாசிச்சதத்தான் வாசிச்சேன்."

"இல்ல அண்ணி. அண்ணன் வாசிச்சது இது இல்ல."

அவன் போய் டிரம்ஸில் உட்கார்ந்தான். இருவரும் வாசித்தார்கள். என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. நான் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். என் கிட்டாரை வைத்துக்கொண்டே என்னை மறந்துவிட்டார்கள்! பொறாமை என்ற சொல்லை அன்று நான் நினைக்கவில்லை. தேநீரில் சீனி அதிகம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் குணா நான் வேலை செய்யும் கடைக்கே வந்தான். ஒரு பழைய அம்ப்ளிஃபையரைப் பிரித்து வைத்திருந்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்கலா. ஆத்தோரத்துல ஒரு ஹோட்டல்ல சனிக்கெழம டீ டைமுக்கு ஜாஸ் வேணுமாம். வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் இழுத்தான். "கல்யாணம்னா நீங்கதான் அண்ணே, அதுல பேச்சே இல்ல. ஆனா இது ஜாஸ் பாருங்க... அண்ணிய வாசிக்கச் சொல்லலாமா?"

"என்கிட்ட என்னா கேக்குற? அவகிட்ட கேளுலா!" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் எங்கிருந்து எடுத்தேனோ!

ரீத்தாவுக்கு ஆசை, பயம் இரண்டும். என் கிட்டார் உள்ளே கூடாக இருக்கும் பெரிய பெட்டி. அவள் தோளுக்கு அது ஒத்துவரவில்லை. டிரம்ஸுக்கும் அம்ப்ளிஃபையருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊளையிடவும் செய்யும். கூடு இல்லாத, ஒரே பலகையில் செய்த சாலிட் பாடி கிட்டார் ஒன்று வாங்கலாம் என்று அவளே சொன்னாள்.

"ஆனா நீங்கதாங்க பாத்து எடுத்துக் குடுக்கணும். எனக்கு என்னா தெரியும்?"

அவளுக்குத் தெரியாதா? எனக்கல்லவா எல்லாம் தெரியும்! சாலிட் பாடியில் ஜாஸ் வராது என்று பலர் சொல்வார்கள். வரும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் முக்கியம். பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் சிறிய பெட்டி. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி அனுப்புவது அதுதான். அது அடக்கமானதாக இருந்து, வழவழப்பான தடித்த தந்திகளும் மாட்டி, டோன் குமிழைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், பலகையிலிருந்தும் வெல்லப்பாகு போல ஒலி இறங்கும். இது எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று கடையில் நான் என்ன செய்தேன் தெரியுமா?

பழைய கிட்டார் விற்கும் அந்தக் கடையில், பளபளவென்று சிவப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ராக் வாசிப்பவர்களுக்கான கிட்டார். பாய்ந்து அடிக்கும் பிக்கப்புகள். 'இதுதான் இப்ப எல்லாரும் வாசிக்கிறது' என்று அதை இறக்கி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மரியாதைக்காக வாசித்துப் பார்த்தாள்.

"நல்லாதாங்க இருக்கு. ஆனா நான் பேசணும்னு நெனைக்கிறேன், இது கத்துது."

பிறகு தானாகவே நடந்து போய், ஒரு கறுப்புக் கிட்டாரை வாசித்து வைத்துவிட்டு, மூலையிலிருந்த பழுப்பு நிறக் கிட்டார் ஒன்றை எடுத்தாள். அலங்காரம் எதுவும் இல்லாத தட்டைப் பலகை. டோன் குமிழைத் திருகி இறக்கினாள். ஒரே ஒரு கார்டு, கட்டைவிரலால். கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை கேட்டாள்.

"பலக நல்ல பலகங்க. பிக்கப்தான் கொஞ்சம் கூசுது. இரையவும் செய்யுது. அந்தா, அந்தக் கறுப்புல இருந்துச்சே ரெட்டைச் சுருள் பிக்கப், அது இதுல இருந்தா..."

கடை முதலாளி தவுக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார். "பினி லு தெலிங்கா பாகுஸ் லா!" என்றார். உன் மனைவிக்கு நல்ல காது! அவள் சொன்ன அதே வகைப் பிக்கப் ஒன்று அவரிடம் தனியாகவே இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நானே மாட்டித் தரேன்" என்றேன்.

இதைச் சொன்னபோது என் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கடையிலிருந்து வீடு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்ததும், நான் பதில் சொல்லாமலே வண்டி ஓட்டியதும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசையில் துணி விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்தேன். மரத்தைக் கொஞ்சம் குடைந்தேன். அந்தப் பிக்கப்பில் பக்கம் பக்கமாக இரண்டு சுருள்கள். நான்கு நிற ஒயர்கள். இரண்டு சுருளும் ஒரே திசையில் சேர்ந்து பாட வேண்டும். ஒன்றை மாற்றிப் பற்றவைத்தால் ஒன்று பாடுவதை மற்றது அழித்துவிடும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். எப்போதும் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. பழக்கப்பட்ட வரிசையில் பற்றவைத்துவிட்டேன்.

ஏன் பார்க்கவில்லை? கை தவறியது என்றேனே, அதுவாவது உண்மையா? ...எனக்கே தெரியவில்லை.

தந்தி மாட்டி, சுருதி சேர்த்து, மீட்டினேன். தகர டப்பாவுக்குள் யாரோ தும்மினதுபோல ஒரு சத்தம்! அடி ஒலியே இல்லை. மெலிந்து, மூக்கடைத்து... பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு. ஒரு சுருள் தலைகீழாக இருக்கிறது. இரண்டு ஒயர்களை மாற்றினால் போதும். சோல்டரிங் அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ரீத்தா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "முடிஞ்சுதா? குடுங்க, குடுங்க!"

கொடுத்தேன். 'இரு, ஒரு ஒயர் மாறிப்போச்சு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் உட்கார்ந்து, கடையில் வாசித்த அதே கார்டை வாசித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்த விளக்கில் யாரோ திரியை இறக்கியதுபோல இருந்தது அது.

"என்னங்க இது... அன்னிக்குக் கறுப்புல கேட்ட மாதிரி இல்லையே?"

அந்த முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. நிம்மதி! ஆம், நிம்மதி. என்ன மனிதன் நான்!

"சாலிட் பாடின்னா அப்படித்தான் ரீத்தா. கடையில அம்ப்ளிஃபையர் வேற. கை பழகணும். இதுக்குன்னு ஒரு விரல் இருக்கு, அது வந்தாதான் சத்தம் வரும்."

"இரையுதேங்க?"

"வீட்டு வயரிங் பழசுல்ல."

சோல்டரிங் அயர்னைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டேன்.

அவள் என்னை நம்பினாள். நம்பி உழைத்தாள். தடித்த தந்திகள் வாங்கி மாட்டினாள். விரல் நுனிகள் வெடித்தன. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தாள். கட்டைவிரலால், நகத்தால், பஞ்சு வைத்து, எப்படியெல்லாமோ தட்டிப் பார்த்தாள். இல்லாத ஒலியைத் தன் கையில் தேடிக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். "கோச்சுக்காதீங்க. பிக்கப்ப மட்டும் இன்னொரு தடவ தொறந்து பாக்குறீங்களா? எங்கயாச்சும் ரொசாக் ஆயிருக்குமோன்னு..."

திறந்தேன். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். அந்த வெளிச்சத்தில், மாறிப்போன அந்த இரண்டு ஒயர்களும் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வெறும் ஒயர். திருப்புளியால் இங்கே அங்கே தட்டினேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மூடித் திருகினேன்.

முதல் முறை பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஹோட்டலில் வாசித்துக் காட்டும் நாள் வந்தது. நானும் போனேன். காரின் பின்பகுதியில் என் கிட்டாரும் இருந்தது. 'சும்மா, ஒரு வேளை தேவைப்பட்டா' என்று அவளிடம் சொல்லியிருந்தேன். 'நல்லதாப் போச்சுங்க, நீங்க இருக்கீங்கன்னா தைரியம்' என்றாள்.

அவள் வாசித்த கார்டுகள் எவ்வளவு அழகானவை! அந்த அறையில் அது தெரிந்தது எனக்கும் குணாவுக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்குக் கேட்டதெல்லாம் மூக்கால் அழும் ஒரு தகரம். ஹோட்டல் மேனேஜர் இரண்டாவது பாட்டிலேயே கைப்பேசியை எடுத்துவிட்டார். குணா அம்ப்ளிஃபையர் குமிழ்களை மாற்றி மாற்றித் திருகினான். ரீத்தா தலையைத் தூக்கவே இல்லை.

இடைவேளையில் குணா என் அருகே வந்தான். "அண்ணே... அண்ணி கையில என்னமோ ஆயிருச்சு. சத்தமே வரல. கோச்சுக்காம நீங்க ஒரு பாட்டு..."

காருக்குப் போனேன். நடந்தேன் என்கிறேன், ஓடினேன் என்பதுதான் சரி. என் கிட்டாரை எடுத்து வந்து, ஊளையிடாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். சுமாரான வாசிப்புதான். ஆனால் ஒலி கனமாக, இதமாக இருந்தது. மேனேஜர் கைப்பேசியைக் கீழே வைத்தார். வேலை எங்களுக்குக் கிடைத்தது.

ரீத்தா கைதட்டினாள். பொய்யாக அல்ல, கண்ணில் நீரோடு, மனம் நிறைந்து தட்டினாள்! வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கையைத் தொட்டுச் சொன்னாள்: "உங்க கைதாங்க கை. எனக்கு அது வராது. ஆசப்பட்டேன், அவ்வளவுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். காரை ஓரமாக நிறுத்தி... சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் கிட்டாரைத் தொடுவது குறைந்தது, பிறகு நின்றது. கோயிலில்கூட, 'வேற யாராச்சும் வாசிக்கட்டும், நான் பாடுறேன்' என்றாள். கிளினிக்கில் அந்த இசை கேட்டால் தலை வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். நான் சனிக்கிழமைதோறும் ஹோட்டலில் வாசித்தேன். என்ன வாசித்தேன்? ரைஸ் குக்கர் ஓடிக்கொண்டிருந்த மாலைகளில் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக் கேட்டவற்றை வாசித்தேன். "அண்ணே, இப்பல்லாம் அப்படியே அண்ணி மாதிரி வாசிக்கிறீங்கலா!" என்று குணா ஒருநாள் முதுகில் தட்டினான். அவன் பாராட்டித்தான் சொன்னான்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், அந்தப் பழுப்புக் கிட்டாரைத் திறந்தேன். இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பற்றவைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீட்டினேன். அவள் அன்று கடையில் கண்ணை மூடிக் கேட்டது இதைத்தான்... இந்த ஒலியைத்தான் அவள் மனதிலேயே சேர்த்து வைத்திருந்தாள்!

மாலையில் அவள் வந்ததும், "இத எடுத்துக் கொஞ்சம் வாசியேன்" என்றேன்.

"வேணாங்க. அதுமேல ஆச போயிருச்சு. விரலெல்லாம் மெத்துன்னு ஆயிருச்சு பாருங்க." விரல்களை நீட்டிக் காட்டிவிட்டு, குளிக்கப் போய்விட்டாள்.

இதோடு நிறுத்தியிருந்தால், காலம் கடந்து திருந்தியவன் என்று நீங்கள் என்னை மன்னிக்க முயலலாம். முயலாதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அந்தக் கிட்டாரின் ஒலி என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. 'சும்மா தொங்குதே, நான் எடுத்து வாசிக்கவா?' என்று கேட்டேன். 'எடுத்துக்குங்க' என்றாள்.

ஹோட்டலில் அதைத்தான் வாசிக்கிறேன். தேநீர் குடிக்க வருபவர்கள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன், அவளுக்குக் கிளினிக் விடுமுறை. அவளாகவே கிளம்பி வந்து, ஆற்றைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தாள். நான் முதல் கார்டை வாசித்தேன். அவள் கையிலிருந்த கரண்டி கோப்பைக்குள் சுற்றுவதை நிறுத்தியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிப் பாட்டு முடியும்வரை.

காரில் ஏறியதும் சொன்னாள்: "அன்னிக்குக் கடையில மனசுல கேட்ட சத்தம்ங்க அது."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"என்னா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. நாளாக நாளாக மரம் காஞ்சிருக்கும்."

மலாக்கா ஈரக்காற்றில் எந்த மரம் காயும்! எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. அவள், "ஓ" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பாசார்ல நிறுத்துங்க, மீன் வாங்கணும்" என்றாள். இறங்கிப் போய், மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, வழக்கம்போலப் பேரம் பேசி வாங்கி வந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியவில்லை என்றால் ஏன் அதற்குப் பிறகு ஹோட்டல் பக்கமே வரவில்லை? நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிவரும். உங்களிடம் இவ்வளவு சொன்னேனே, சமையலறைக்கு நடந்துபோய் அவளிடம் சொல்ல முடியவில்லை.

நாளை சனிக்கிழமை. என் சட்டையை அவள் தேய்த்து மாட்டியிருக்கிறாள். கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்பேன். "நல்லா வாசிங்க" என்பாள்.

நன்றாகத்தான் வாசிப்பேன்.